உங்களுக்குத் தெரியுமா? பழுதை மறைக்கும் ரெய்டு

பல வட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறையை 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் வகைப்படுத்தினர். இதற்குத் தனிக் கட்டுப்பாட்டு அட்டை தேவையில்லை. லினக்ஸின் ‘எம்டி’ மென்பொருளே போதும். டெபியனை அடிப்படையாகக் கொண்டு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸிலும் இப்படி அமைக்கலாம்.

ஒரே தரவை இரு வட்டுகளிலும் எழுதும் ரெய்டு 1 நலமாக இருந்தால், வட்டுகளின் நிலையைக் காட்டும் ‘எம்டிஸ்டாட்’ கோப்பில் இரண்டு ‘யு’ தெரியும். ஒரு வட்டு பழுதானால் அதன் இடத்தில் அடிக்கோடு விழும். சர்வரோ வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும், ஆபத்தே அங்குதான். அடுத்த வட்டும் போகும்வரை யாருக்கும் தெரியாமல் போகலாம். ஆகவே, கண்காணிப்பு அமைப்பில் மின்னஞ்சல் முகவரி தருவது கட்டாயம். தவறுதலாக அழித்த கோப்பு இரு வட்டுகளிலும் ஒருசேர அழியும் என்பதால், காப்பு நகல் தனியே வேண்டும்.