நீரிற் கரைந்த அலுமினியத்தைக் கண்டறிதல்

அமிலத்தன்மை மிக்க நிலத்தில் அலுமினியம் கரைந்து பயிரின் வேர் வளர்ச்சியைத் தடுக்கும். தெளிந்த நீரில் அது கண்ணுக்குப் புலப்படாது. ஆய்வுகூடத்தில் லுமோகலியன் என்னும் சாயத்தை நீரிற் சேர்ப்பர். அது அலுமினிய அயனுடன் பிணைந்து, நீல ஒளி பட்டதும் ஒளிரும்.

இவ்வொளிர்வு மங்கலானது. சவர்க்காரம் போல் நுரைக்கும் திரைற்றன் என்னும் பொருளை அளந்து சேர்த்தால், அதன் மூலக்கூறுகள் நுண்திரள்களாகி, பிணைந்த சாயத்தைத் தம்முள் அடக்கும். ஒளிர்வு பன்மடங்கு மிகும். 1986 ஆம் ஆண்டு வெளியான இம்முறையால் மிகச் சிறிய அளவையும் அறியலாம். மண்ணாய்வுடன் சேர்த்து நோக்கின், சுண்ணாம்பு இடுவது பற்றித் தீர்மானிக்க இது துணைபுரியும்.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை: சில கண்ணாடிகளிலும் அலுமினியம் உண்டாதலால், பிளாஸ்ரிக் போத்தலையே கொள்க. அளவறியாது எஞ்சும் சவர்க்காரம் கணிப்பைப் பிழைபடுத்தக்கூடும். ஆகவே போத்தலைச் சவர்க்காரமிட்டுக் கழுவாது, எடுக்கும் நீரினாலேயே மும்முறை அலசி, நிரப்பி, இறுக மூடி அனுப்புக.