கொட்டாஞ்சேனையின் இரண்டு கற்கள்

மொரீசியசின் போர்ட் லூயியில் ஊர் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்குக் கல்லைப் பற்றிப் பேசுவது எளிது. 1849 முதல் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய ஆப்ரவாசி காட் படிக்கட்டில் நிறுத்தி, "இது எரிமலை கக்கிய கல்" என்றால் எல்லோரும் குனிந்து பார்ப்பார்கள். சென்னையில் கப்பலேறிய தமிழர்களும் கால்வைத்த பசால்ட் கல் அது. அந்தத் தீவே எரிமலையால் எழுந்ததுதான். வயது ஒரு கோடி ஆண்டை எட்டாது.

இலங்கையில் எரிமலை கிடையாது. கொழும்பின் பழைய பகுதிகளில் நடைச் சுற்றுலா போகிறவர்களுக்குப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஆட்சி வரிசை சொல்லப்படும். கல்லின் கதை பெரும்பாலும் விடுபட்டுப்போகும். எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஏனென்றால் இங்கே காலடியில் கிடப்பது மொரீசியசைவிடப் பல மடங்கு பழைய கல்.

அதைப் பார்க்க அருமையான இடம் வெள்ளவத்தைக் கடற்கரை. ரயில் பாதையை அலை அரிக்காமலிருக்கக் கொட்டியிருக்கும் பாறைத் துண்டுகளைக் கிட்ட நின்று பாருங்கள். கறுப்பும் வெள்ளையுமாக வரிகள் ஓடும். சில வரிகள் நெளிந்து மடங்கியிருக்கும். கல் இப்படி நெளிய வேண்டுமானால் அது ஒருகாலத்தில் இளகியிருக்க வேண்டும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இந்தப் பாறை பல கிலோமீற்றர் ஆழத்தில், 700 பாகை செல்சியசையும் தாண்டிய வெப்பத்தில் கிடந்தது. முழுதாக உருகிவிடாமல், திண்மமாகவே இளகி, கனிமங்கள் வரிவரியாகப் பிரிந்தன. நைஸ் என்று புவியியலாளர் சொல்வது இதைத்தான்; நாம் பொதுவாகக் கருங்கல் என்போம். மேலே கிடந்த மலைகளெல்லாம் தேய்ந்து கடலுக்குப் போன பிறகே அது வெளிச்சத்துக்கு வந்தது.

வெளியே வந்த கல்லை மழை விடவில்லை. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இந்த மண்ணில் மழைநீர் பாறைக்குள் இறங்கி, சோடியம், கல்சியம், மக்னீசியம், பிறகு சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு போகிறது. கரையாமல் தங்குவது இரும்பும் அலுமினியமும். இரும்பு துருவேறிச் சிவக்கிறது. கபுக் கல் பிறப்பது இப்படித்தான்: கருங்கல்லிலிருந்து மழை எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது.

அதன் அதிசயக் குணம் ஒன்று உண்டு. நிலத்துக்குள் ஈரமாக இருக்கும்போது மண்வெட்டிக்கும் கோடரிக்கும் இணங்கும். வேண்டிய அளவுக்குச் சதுரமாக வெட்டியெடுக்கலாம். வெளியே வைத்து ஈரம் வற்றினால் இரும்புத் தாதுக்கள் கெட்டிப்பட்டு இறுகிவிடும். கேரளத்து அங்காடிப்புரத்தில் இதைக் கண்டு வியந்த பிரான்சிஸ் புக்கானன் 1807இல் வெளியான தம் பயணநூலில் எழுதி, லேட்டரைட் என்று பெயரிட்டார். நம் வீடு கட்டியவர்களுக்கு அது அதற்கும் முன்பே தெரிந்த சங்கதி.

கொட்டாஞ்சேனை மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் அந்தக் கபுக் கல்லால் ஆனது. ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். சுவரின் தடிப்பு ஏறக்குறைய ஐந்து அடி. அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சு. சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கி மறுபடி கல்லாகிறது. ஆக, உள்ளே ஈரத்தை இழந்து இறுகிய கல், வெளியே காற்றைக் குடித்து இறுகிய பூச்சு. இரண்டையும் கெட்டியாக்கியது காற்றுதான் என்று எண்ணும்போது அந்தச் சுவர் எனக்கு வேறொன்றாகத் தெரிகிறது. அந்தப் பக்கத்து ஒழுங்கைகளில் பூச்சு உதிர்ந்த பழைய மதில் எதையாவது கண்டால் தடவிப் பாருங்கள். பொந்து பொந்தாக இருக்கும். விரலில் செம்பொடி ஒட்டும்.

அங்கிருந்து நடை தூரத்தில் கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். பொன்னம்பல முதலியார் நிறுவிய ஆலயத்தை அவர் மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கல்லால் புதுப்பித்துக் கட்டினார். தூணில் கை வைத்தால் குளிர்ச்சி, பொந்தில்லை, பொடியில்லை. மழை இன்னும் உள்ளே புகாத கல். தமிழ்நாட்டுக் கோயில்களின் கருங்கல்லும் இலங்கையின் கருங்கல்லும் கோண்டுவானாவில் ஒட்டிக் கிடந்த ஒரே நிலத்தின் துண்டுகள். இடையில் கடல் புகுந்தது வெகு பின்னால்.

இந்த இரண்டு வாசல்களுக்கும் இடையிலான நடையைத்தான் வழிகாட்டிகள் முதலில் வைக்க வேண்டும். ஒரே வகைக் கல்லின் இளமையையும் முதுமையையும் அடுத்தடுத்துத் தொட்டுப் பார்க்கலாம்.

கீழே இறங்கினால் துறைமுகம். அதன் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். 1885இல் வேலை முடிந்தது. கபுக் கல் அலையின் அடியைத் தாங்காது. அதனால் மகர என்னும் இடத்துக் கற்குழியில் கருங்கல் உடைத்தார்கள். உடைத்தவர்கள் அங்கிருந்த சிறைக் கைதிகள். வேல்ஸ் இளவரசரின் பெயரைச் சொல்லும் இடத்தில் அவர்களையும் சொல்ல வேண்டும். அந்தச் சுவரின் மறைவில்தான் கொழும்புத் துறைமுகம் வளர்ந்தது.