முட்டுக்காட்டுக் கைவினைக் காட்சிச்சாலை

காட்சிச்சாலை எனின், கண்ணாடிப் பேழைகளுள் அசைவற்றுக் கிடக்கும் சிலைகளும் நாணயங்களுமே பெரும்பாலும் நம் நினைவிற்கு வரும். சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், முட்டுக்காட்டில் வங்கக் கடலை நோக்கி அமைந்துள்ள தட்சிணசித்ரா அத்தகையதன்று. டெபோரா தியாகராசன் அம்மையார் 1984-ஆம் ஆண்டில் தோற்றுவித்த ஓர் அறக்கட்டளையின் முயற்சியால், 1996-இல் இது பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது. தமிழ்ப் பிரிவு மாணவராகிய யாம் சென்ற விடுமுறையில் ஒருநாள் முழுதும் ஆங்குத் தங்கிக் கண்டவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

பத்து ஏக்கர் நிலத்தில் தென்னாட்டுப் பழைய வீடுகள் நிற்கின்றன. இவற்றுட் பல வெறும் போலிகளல்ல. தத்தம் ஊர்களில் இடிக்கப்படவிருந்த வீடுகளை விலைகொடுத்து வாங்கி, தூண் வேறு உத்திரம் வேறாகப் பிரித்துக் கொணர்ந்து, மரபறிந்த தச்சரையும் கொத்தரையும் கொண்டு மீண்டும் எழுப்பியுள்ளனர். கோட்டயத்தையடுத்த புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீடு 1850-ஆம் ஆண்டினது. வாயிலைக் கடந்ததும் நம் எதிரே நிற்பது மரத்தாலாய நெல்லறை. இவ்வில்லத்தில் உணவிற்குக் குறைவில்லையென்று விருந்தினர்க்கு முன்னரே அறிவிப்பது போலும் அவ்வமைப்பு! செட்டிநாட்டு வீட்டின் சிறப்பைப் பலரும் அறிவராதலின் ஈண்டு விரித்திலேம்.

வீடுகளைக் கண்டபின் கைவினைச் சந்தையை அடைந்தேம். ஆங்குப் பத்தமடைப் பாய் ஒன்றன் விலையைக் கேட்ட எம் நண்பர் ஒருவர், "இதிற் பத்திலொரு பங்கிற்குப் பிளாஸ்டிக் பாய் கிடைக்குமே!" என்றார். விற்ற அம்மையார் சினந்திலர். பாயின் ஓரத்தை மடித்து அவர் கையிற் கொடுத்து, "தொட்டுப் பாருங்க, தம்பி" என்றார். பட்டுத்துணியைத் தொட்டது போன்றிருந்தது.

இம்மென்மை எங்ஙனம் வந்தது? தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையைப் பசுமையாக அறுத்துக் கீறி உலர்த்துவர். வேகவைத்து ஓடும் நீரில் ஊறவிடுவர். மீண்டும் உலர்த்தி, நூலிழை போலும் நுண்ணியதாகக் கிழிப்பர். சாயமேற்றிய பின்னரே பருத்தி நூற் பாவில் அது ஊடையாகச் செல்லும். கோரை எத்துணை மெல்லியதோ அத்துணைக்கு நாட்களும் மிகும். உயர்ந்த பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் செல்லும். பாய்க்குச் சொல்லும் விலையை அந்நாட்களுக்குப் பங்கிட்டுப் பார்ப்பின், நாட்கூலி மிகச் சிறியதாகவே நிற்கும்.

மரவீட்டைப் பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்தலாம். கைப்பழக்கத்தை அங்ஙனம் பெயர்த்து வைத்தல் இயலாது. தாய் நெய்யும் பாய் விலைபோகாதாயின், மகள் வேறு வேலைக்குச் செல்வாள். அவளைக் குறைகூறுதல் தகாது. ஆதலின் இச்சந்தையைக் காட்சிச்சாலைக்கு ஒட்டிய கடைத்தெருவென்று கருதுவதை யாம் ஒப்பேம். காப்பாற்றும் வேலையிற் பாதி ஈண்டே நடைபெறுகின்றது.

பேரம் பேசிய நண்பரே முதலிற் பணம் எடுத்தார். எஞ்சியதை யாம் அறுவரும் பகிர்ந்தளித்தேம். அப்பாய் இப்பொழுது எம் தமிழ் மன்ற அறையில் உள்ளது. அதன்மீது செருப்புடன் ஏறுவோரைத் தடுப்பது அந்நண்பரே.