"யார் செய்தது?" என்று கேட்காதீர்கள்!

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்திலிருந்து முதலில் வருகிற குரல் என்ன? "யாரு அடுப்பைப் பார்த்துக்கிட்டிருந்தது?" என்பதுதானே! "எப்படிப் பொங்கிச்சு?" என்று யாராவது கேட்டதுண்டா? கேட்டால் அல்லவா தெரியும்: பாலை வைத்த மருமகள் குழந்தை வீறிட்டதும் ஓடினாள், ஓடும்போதே நாத்தனாரிடம் "பாலைப் பாருங்க" என்று சொன்னாள், மிக்ஸி ஓடிய சத்தத்தில் நாத்தனார் காதில் அது விழவே இல்லை என்பதெல்லாம்!

பால் போனால் அரை லிட்டரோடு போச்சு. ஆனால் உயிர் போன இடத்திலும் நாம் இதே கேள்வியைத்தான் கேட்கிறோம் சகோதரிகளே. அதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் வள்ளியூர்க்காரர்களுக்கு மகேந்திரகிரி பக்கத்து வீடு மாதிரி. நாகர்கோவில் சாலையில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போனால் மலையடிவாரத்தில் இஸ்ரோவின் ராக்கெட் இஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் வளாகம் இருக்கிறது. 2010 ஏப்ரல் 15-ஆம் தேதி, நம் நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் இஞ்சினோடு முதல் முறையாகக் கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் கடலில் விழுந்தது. பல வருஷத்து உழைப்பு! யாரைத் தூக்கில் போடலாம் என்றா தேடினார்கள்? ராக்கெட் பறந்தபோது பதிவான ஒவ்வொரு விநாடிக் கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்த விநாடியில் எது நின்றது என்று தேடினார்கள். திரவ ஹைட்ரஜனைத் தள்ளிக் கொடுக்கிற பம்பு பாதியில் நின்றுபோனது தெரிந்தது. மகேந்திரகிரியில் மறுபடி மறுபடி சோதனை செய்து, 2014 ஜனவரி 5-ஆம் தேதி அந்த வகை இஞ்சினை வெற்றிகரமாகப் பறக்கவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் 1979 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்ததே, நினைவிருக்கிறதா? வால்வு ஒன்று சரியாக மூடாமல் அமிலம் கசிந்ததுதான் காரணம். அன்று பத்திரிகைக்காரர்கள் முன்னால் போய் உட்கார்ந்து, பொறுப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டவர் தலைவர் சதீஷ் தவான். மறு வருஷம் ஜூலை 18-ஆம் தேதி ராக்கெட் வெற்றி பெற்றபோது பேசுவதற்குக் கலாமை அனுப்பிவிட்டார். தலைக்கு மேலே அப்படி ஒரு குடை இருந்தால், கீழே இருக்கிறவன் "ஐயா, இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது" என்று பயமில்லாமல் வாயைத் திறப்பான். குடை இல்லாவிட்டால்? வாயை மூடிக்கொள்வான். தப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த ராக்கெட்டுக்காக.

ராக்கெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. நம் தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு பெண் இறந்துபோனால், இதே மாதிரிதான் விசாரிக்கிறார்கள். வயிற்றில் குழந்தை இருக்கும்போது இறந்தாலும் சரி, பிரசவம் ஆகி 42 நாளுக்குள் இறந்தாலும் சரி, அது தாய்மரணக் கணக்கில் வரும். 24 மணி நேரத்துக்குள் மேலே தகவல் போக வேண்டும். ஆஸ்பத்திரியில் நடந்ததை டாக்டர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள். வீட்டில் நடந்ததைக் கேட்க சுகாதாரத் துறையினர் வாசல்படி ஏறி வருவார்கள். பிறகு மாவட்ட அளவில் கலெக்டர் தலைமையில் ஆய்வுக் கூட்டம். அதற்கு இறந்தவளின் சொந்தக்காரர்களையும் கூப்பிடுவதுண்டு. மத்திய அரசு நாடு முழுவதுக்கும் இதற்கு வழிகாட்டி வெளியிட்டது 2010-ல். 2017-ல் அதைத் திருத்தினார்கள். ஆனால் தமிழ்நாடு 1990-களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டது. இதில் அடிப்படை விதி, யாரையும் தண்டிப்பதற்காக இந்த விசாரணை இல்லை என்பதுதான்.

ஏட்டில் இருப்பது இருக்கட்டும், நேரில் பார்த்ததைச் சொல்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், ஊர் பேர் வேண்டாம், எட்டாம் மாதம் முடியும் தறுவாயில் மருமகள் இறந்துபோனாள். தலைப்பிரசவம். கணவன் வளைகுடாவில். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் தெருவே தீர்ப்பு எழுதிவிட்டது. மாமியார் கொடுமை என்றது ஒரு வீடு. பெண்ணின் ஜாதகம் அப்படி என்றது இன்னொரு வீடு. ஆஸ்பத்திரிக்காரன் கொன்றுவிட்டான் என்றது டீக்கடை. அந்த மாமியார் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தவர், என்னை மட்டும் கூட இருக்கச் சொன்னார்.

நர்ஸம்மா ஒருத்தர் ஒரு பாரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "பெரியம்மா, நான் குத்தம் கண்டுபிடிக்க வரலை. அந்தப் பிள்ளைக்கு முதல்ல முடியாம வந்தது என்னைக்கு, அப்போ வீட்ல யார் யார் இருந்தாங்க, அதை மட்டும் சொல்லுங்க, போதும்" என்றார்.

கால் மணி நேரம் மௌனம். நர்ஸம்மா அவசரப்படுத்தவே இல்லை. பிறகு மெதுவாக வந்தது.

"தலைவலின்னு ரெண்டு நாளாச் சொன்னா தாயி. தைலம் தேச்சு விட்டேன். முந்தின நா சாயங்காலம், கண்ணு மங்கலாத் தெரியுது அத்தைன்னா. ராத்திரி முழிச்சு முழிச்சுப் போன் பேசுதா, தூங்கினா சரியாப் போவும்னேன். அது இந்த நோவுக்கு அடையாளம்னு எனக்கு யாரு சொன்னாவ?"

நர்ஸம்மா எழுதிக்கொண்டே இருந்தார். "அது சரிதான் பெரியம்மா, உங்ககிட்ட யாரும் சொல்லலைதானே" என்றார். ஒரு கண்டிப்பு இல்லை, "படிச்சுப் படிச்சுச் சொன்னோமே" இல்லை. அதற்குப் பிறகு மடை திறந்த மாதிரி எல்லாம் வந்தது. முகமும் கையும் வீங்கியிருந்தது. கர்ப்பத்தில் வீக்கம் சகஜம் என்று நினைத்தது. நடுராத்திரியில் வலிப்பு வந்தது. மகனிடம் கேட்காமல் கிளம்பலாமா என்று போன் போட்டு, அவன் எடுக்கும்வரை காத்திருந்தது. முதலில் போன இடத்தில் அந்த நேரத்துக்கு டாக்டர் இல்லாதது. அங்கிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் வழியில் உயிர் போனது. கடைசியில் அந்தப் பெண்ணின் அட்டையை எடுத்துப் பார்த்தார் நர்ஸம்மா. கடைசி முறை பார்த்த ரத்த அழுத்தம் அதில் எழுதியிருந்தது. அதிகம்தான். எண் இருந்தது, அந்த எண்ணுக்கு அர்த்தம் என்ன என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை!

இதை 'யார் செய்தது' என்று கேட்டிருந்தால் ஒரு மாமியாரோ ஒரு நர்ஸோ மாட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். 'எப்படி நடந்தது' என்று கேட்டதால் எத்தனை ஓட்டைகள் தெரிந்தன பாருங்கள். தாய்மரணத்தை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்பார்கள். தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1994-ல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது இந்தக் கணக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு எடுப்பதில் ஒரு தாமதம், போய்ச் சேருவதில் ஒரு தாமதம், போன இடத்தில் சரியான வைத்தியம் கிடைப்பதில் ஒரு தாமதம். அந்த ஒரே வீட்டில் மூன்றும் இருந்தது. அதிலும் முதல் தாமதம் முழுக்க முழுக்க நம் அடுப்படியில் நடப்பது. எந்த ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரிலும் அது பதிவாகாது. அந்த மாமியார் வாயைத் திறந்தால்தான் உண்டு.

அப்புறம் எங்கள் பக்கத்தில் நான் கவனித்த ஒரு விஷயம்: ரத்த அழுத்தம் பார்க்க வருகிற கர்ப்பிணியோடு மாமியாரையோ அம்மாவையோ சேர்த்து உட்கார வைத்துப் பேசுகிறார்கள். "தலைவலி, கண் மங்கல், நெஞ்சுக்குக் கீழே வயிற்றுவலி, முகம் கை வீக்கம், இதில் எது வந்தாலும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வரணும், மகன்கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம்" என்று அவர்களிடமும் சொல்லி அனுப்புகிறார்கள். சின்ன மாற்றம்தான்.

நாகர்கோவிலைத் தாண்டினால் வருகிற கேரளத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அங்கே மகப்பேறு டாக்டர்களின் கூட்டமைப்பு 2004-லிருந்து ஒவ்வொரு தாய்மரணத்தையும் ரகசியமாக ஆராய்கிறது. இறந்தவர் பெயர், டாக்டர் பெயர், ஆஸ்பத்திரி பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் காகிதம் ஆராய்கிறவர் கைக்குப் போகும். யாரென்றே தெரியாதபோது யாரைத் திட்டுவது! என்ன நடந்தது என்பதை மட்டும்தான் பார்க்க முடியும். பிரசவத்துக்குப் பின் ஏற்படும் ரத்தப்போக்குதான் பெரிய எமன் என்று தெரிந்ததும், லேபர் வார்டில் டாக்டரும் நர்ஸும் சேர்ந்து ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் இந்த மாதிரி ரகசிய விசாரணை 1952-லிருந்தே நடக்கிறது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். ஒரு லட்சம் குழந்தை உயிரோடு பிறந்தால் எத்தனை தாய் இறக்கிறார் என்பதுதான் கணக்கு. தமிழ்நாட்டில் 2001-03-ல் 134 ஆக இருந்தது, 2018-20-ல் 54. அதே 2018-20-ல் இந்தியா முழுவதுக்கும் 97, கேரளத்தில் 19. இந்த விசாரணையால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் நர்ஸ் இருப்பது, சீமாங் மையங்கள், ரத்த வங்கி, 2008-ல் வந்த 108 வண்டி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் எங்கே நர்ஸ் போடணும், எங்கே வண்டி நிறுத்தணும் என்பதைச் சொல்லிக் கொடுப்பது இறந்தவர்களின் கதைதானே?

ஒரு கசப்பையும் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் பெரிய அதிகாரி மேஜையைத் தட்டி, "உன்னை சஸ்பெண்ட் பண்ணிடுவேன்" என்று ஒரு நர்ஸைப் பார்த்துக் கத்தினால், அடுத்த முறை காகிதம் எல்லாம் பளிச்சென்று சுத்தமாக வரும். நேரம் எல்லாம் சரியாக இருக்கும். உண்மை மட்டும் இருக்காது. அதற்காக லஞ்சம் கேட்டவரையும் டியூட்டிக்கே வராதவரையும் விட்டுவிடச் சொல்லவில்லை. அதற்கு வேறு வழி, வேறு விசாரணை இருக்கிறது. இரண்டையும் ஒரே மேஜையில் போட்டுக் குழப்பினால் இரண்டும் கெடும்.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்து, குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது என்று எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறோம்! (அப்படி ஆனால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.) குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே பஞ்சாயத்து வைக்காதீர்கள். எல்லோருக்கும் ரத்தம் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு நாள் போகட்டும். அப்புறம் சாப்பாடு ஆனபின் உட்கார்ந்து, வீட்டில் யாருக்குப் பயம் அதிகமோ அவரை முதலில் பேசவிடுங்கள். புது மருமகளோ, வேலைக்கு வருகிற பெண்ணோ, பத்து வயசுப் பையனோ. மாமியாரும் வீட்டுக்காரரும் கடைசியில்தான் பேச வேண்டும். பெரியவர்கள் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவார்கள். "ஏன் பார்க்கலை?" என்று கேட்காமல், "அப்போ நீ எங்கே நின்னே, உனக்கு என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் எவ்வளவு மாறுகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள்.

"இனிமே கவனமா இரு" என்று முடித்துவிடுகிறோமே, அது மட்டும் போதாது. கவனம் இரண்டு நாள் இருக்கும், மூன்றாம் நாள் குழந்தை அழுதால் போய்விடும். மண்ணெண்ணெய் பாட்டிலை எடுத்துவிட்டு, மூடி இறுகிய கேனில் ஊற்றி, எட்டாத உயரத்தில் வையுங்கள். கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்தும் காதுக்கு விடுகிற சொட்டு மருந்தும் ஒரே டப்பாவில் இருந்தால் பிரித்து வையுங்கள். மகளிர் குழுவில் ஊறுகாய் ஒரு தடவை பூசணம் பூத்துப் போனால், கிளறினது யார் என்று தேடாமல் ஜாடி ஈரமாக இருந்ததா, மழை நாளில் காயவைத்தார்களா என்று பாருங்கள். என் சிநேகிதி ஒருத்தியின் குழுவில் இப்படிப் பார்த்துத்தான் ஜாடிக்குக் காய்ந்த துணி ஒன்று தனியாக வாங்கினார்கள்.

கடைசியாக, இளம் தாய்மார்கள் உள்ள வீட்டுக்கு ஒன்று. தாய் சேய் நல அட்டையைப் பிரசவம் ஆனதும் தூக்கிப் போடாதீர்கள். டாக்டரம்மா ரத்த அழுத்தம் எழுதும்போது, "இது சரியான அளவா, கூடுதலா?" என்று கூடப் போனவரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ராத்திரி 108-க்கு யார் போன் போடுவது, கணவர் ஊரில் இல்லையென்றால் கிளம்பலாம் என்று யார் சொல்வது என்பதை ஏழாம் மாதமே பேசி முடிவு செய்துவிடுங்கள். கடவுள் புண்ணியத்தில் உங்கள் தெருவுக்கு அப்படி ஒரு துக்கம் வர வேண்டாம். ஒருவேளை எங்காவது வந்து, பாரத்தோடு நர்ஸம்மா வாசலில் நின்றால், "போங்க, செத்தவ திரும்பியா வரப்போறா" என்று அனுப்பாமல், பாயைப் போட்டு உட்காரச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிடுங்கள்.