மணப்பெண்ணை அழவைக்கும் சங்கீதம்

கல்யாண வீட்டில் வாத்தியக்காரர்களின் முதற் கடமை யாது? வந்தோரை மகிழ்விப்பதே என்று நாம் சட்டென விடை கூறிவிடுவோம். போலந்து, உக்ரேன், ருமேனியா முதலிய தேசங்களில் அந்நாளில் வாழ்ந்த யூதர்களோ வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். முதலில் மணப்பெண்ணை அழவைக்க வேண்டும்; ஆனந்தம் பிறகுதான்!

மணச் சடங்குக்கு முன், மாதர் புடைசூழ மணமகளை ஆசனத்தில் அமர்த்துவார்கள். 'பத்கன்' என்னும் விகடகவி எழுந்து, அவளது குழந்தைப் பருவம் அன்றோடு முடிவதையும், பெற்றோர் காலமாகியிருந்தால் அவர்களையும் நினைவூட்டி எதுகையோடு பாடுவான். பிடில்காரரின் வில்லும் உடன் விம்மும். அவ்விம்மலுக்கு இத்திஷ் பாஷையில் 'க்ரெக்ட்ஸ்' என்று பெயர்.

பின்னர் விதானத்தின் கீழ் விவாகம் நடைபெறும். மணமகன் காலால் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தை உடைப்பான். கி.பி. 70-ல் ஜெரூசலம் ஆலயம் அழிந்ததை அது நினைவூட்டுவதாகச் சொல்வார்கள். அத்துக்கத்தை முன்னிட்டு வாத்திய இசையை விலக்கிய மதகுருமார்களும் விவாகத்துக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள்; மணமக்களை மகிழ்விப்பது அவர்களுக்குத் தர்மமன்றோ! கிண்ணம் உடைந்ததும் நடனம் ஆரம்பமாகும். சம்பந்தியம்மாள் இருவர் கோபித்துப் பிரிந்து, பின்னர் சமாதானமாகித் தழுவிக்கொள்ளும் நடனமும் அவற்றுள் ஒன்று.

இவ்விசைக்காரர்களே 'க்ளெஸ்மர்'கள். இசைக் கருவி என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பிடில், கோலால் தட்டும் தந்தி வாத்தியமான சிம்பல், பிற்காலத்தில் கிளாரினெட் ஆகியவை இவர்களுடைய கருவிகள். பெரும்பாலும் தந்தையிடமிருந்து மகன் கற்ற பரம்பரைத் தொழில் இது. ஒவ்வொரு நடனத்துக்கும் விருந்தினர் கொடுக்கும் காசே வருமானம். இவர்கள் இல்லாமல் கல்யாணமில்லை. ஆயினும் சமூகத்தில் இவர்களுக்கு மதிப்புக் குறைவே.

1939 முதல் 1945 வரை நடந்த யுத்தத்தில் நாஜிகள் அறுபது லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். கல்யாணங்கள் நடந்த ஊர்களே யூதரின்றிச் சூனியமாயின. ஆனால் யுத்தத்துக்கு முன்பே, கீவ் நகரத்தில் மோஷே பெரகோவ்ஸ்கி என்ற அறிஞர் இந்த மெட்டுக்களை மெழுகு உருளைகளிலும் காகிதத்திலும் பதிந்து சேர்த்துக்கொண்டிருந்தார். இவரே 1950-ல் கைதாகிச் சைபீரிய முகாமில் வாடினார், 1961-ல் மறைந்தார். அவர் தொகுத்த க்ளெஸ்மர் இசை நூல் 1987-ல்தான் மாஸ்கோவில் அச்சேறியது.

இதற்கிடையே, உக்ரேனிலிருந்து 1921-ல் நியூயார்க் சென்ற கிளாரினெட் வித்வான் டேவ் டாரஸ் முதுமையை எய்தியிருந்தார். பழைய இசைத்தட்டுக்களைக் கேட்டு மயங்கிய அமெரிக்க யூத இளைஞர்கள், 1970-களில் அவரை நாடி வந்து பாடம் கேட்டார்கள். இன்று பல தேசங்களில் க்ளெஸ்மர் ஒலிக்கிறது.

ஒரு சமூகத்தின் கலையைக் காத்தவர்கள் யாரெனப் பார்த்தோம்: கூலிக்கு வாசித்த எளியோர், எழுதிவைத்த ஓர் அறிஞர், தேடிச் சென்று கற்ற இளைஞர். இம்மூவரில் ஒருவர் தவறியிருந்தாலும் அந்தப் பிடிலின் விம்மல் நம் செவிக்கு எட்டியிராது.