கையொப்பம் கோணும் முன்னே

ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் அளிக்க வங்கிக் கிளைகளுக்கு வருகின்றனர். அம்மாதத்தில் எங்கள் மேசைக்கு எதிரே அமர்வோரின் கண்களை நாங்கள் சற்றுக் கூர்ந்து கவனிப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் போபாலில் பணியாற்றியபோது, ரயில்வேயில் ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் மாதந்தோறும் தாமே வந்து பணம் எடுத்துச் செல்வார். எங்களை 'பேட்டா' என்றே அழைப்பார். ஒருமுறை அவரது கையொப்பம் மாதிரிக் கையொப்பத்தோடு பொருந்தவில்லை. முதுமையில் கை நடுங்குவது இயல்புதானே என்றெண்ணி, எங்கள் முன்னிலையில் மீண்டும் ஒப்பமிடச் செய்து பணத்தை வழங்கினோம். அடுத்த இரு மாதங்களிலும் அதே நிலை. கோட்டின்மேல் தொடங்கிய ஒப்பம் சரிந்து கீழே இறங்கியது. பக்கவாட்டில் இருந்த பேனாவை அவர் துழாவி எடுத்ததைக் கண்ட பிறகே, குறை கையில் அன்று, கண்ணில் என்பது விளங்கிற்று. குளுக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் என்றனர் மருத்துவர்கள். ஒரு கண்ணில் பார்வை ஏறக்குறைய முழுவதும் போய்விட்டிருந்தது. மற்றொன்றைச் சொட்டு மருந்தால் காத்து வந்தனர். முதல் மாதமே நாங்கள் கேட்டிருக்கலாம் என்ற உறுத்தல் இன்றும் அகலவில்லை.

இந்நோயின் கொடுமை அதன் அமைதியில் உள்ளது. பெரும்பாலோருக்கு வலி இராது, சிவப்பு இராது. பார்வை நரம்பு சிறுகச் சிறுகச் சிதையும்போது முதலில் பக்கவாட்டுப் பார்வையே குறைகிறது. நேரே உள்ள எழுத்துகள் தெளிவாகத் தெரிவதாலும், ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடுசெய்வதாலும் நோயாளிக்கே அது தெரிவதில்லை. கண்புரையால் மங்கிய பார்வையை அறுவைச் சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கலாம். அதற்காகப் 'புரை முற்றட்டும்' என்று இக்காலத்தில் காத்திருக்கவும் தேவையில்லை. குளுக்கோமாவால் இழந்த பார்வையோ திரும்புவதில்லை. எஞ்சியதைக் காக்கவே இயலும். எனவே 40 வயதைக் கடந்தோரும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளோரும் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் எண் பார்ப்பது இதற்கு ஈடாகாது.

நீரிழிவு உள்ளோருக்கு மேலும் ஒரு கடமை உண்டு. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நீரிழிவு பாதிக்கத் தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு விழித்திரையைப் பார்க்கச் செய்தல் வேண்டும். சில மணி நேரம் பார்வை கலங்கலாக இருக்கும். வாகனத்தைத் தாமே ஓட்டிச் செல்லலாகாது. வைப்புத்தொகை முதிரும் நாளைத் தவறாது குறித்துவைக்கும் வாடிக்கையாளர்கள் இந்த நாளையும் அதன் அருகிலேயே குறித்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று: மாதத்தின் முதல் நாள், சுவரில் தொங்கும் நாட்காட்டியை ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடிப் படிக்கவும், பின் மறு கண். இரண்டிற்கும் வேறுபாடு தெரிந்தாலோ, நேர்க்கோடுகள் வளைந்து தோன்றினாலோ மருத்துவரை அணுகவும். குளுக்கோமாவின் தொடக்கம் இச்சோதனையில் அகப்படாது என்பதையும் மறக்கலாகாது.

கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. அவற்றுள் சில ஸ்டீராய்டு கலந்தவை. உடனே சுகம் தருவதால் அதையே மாதக்கணக்கில் இடுவோர் உண்டு. அதனால் கண் அழுத்தம் உயரவும் புரை வளரவும் கூடும். சுண்ணாம்போ வேதிப்பொருளோ கண்ணில் பட்டால் தேய்க்காமல், தாமதமின்றித் தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

திரைமுன் பணிபுரிவோர், 20 நிமிடங்களுக்கு ஒருமுறை 20 அடி தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடிகள் பார்ப்பது நல்லது. திரையை உற்று நோக்கும்போது இமைப்பது குறைந்து கண் உலர்வதே எரிச்சலுக்குப் பெரிதும் காரணம். (கவுன்ட்டரில் வரிசை நீண்டிருக்கையில் எங்களுக்கே இது கைகூடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) நீல ஒளியைத் தடுப்பதாக விற்கப்படும் கண்ணாடிகள் இந்த அயர்வைக் குறைக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை.

வெள்ளெழுத்து வந்தும் கண்ணாடி அணியக் கூசுவோர்க்கு வங்கியாளர் என்ற முறையில் ஒரு சொல். ஏ.டி.எம். திரை தெரியவில்லையென்று அறியாதவர் கையில் அட்டையைக் கொடுத்துப் பணம் இழந்தோர் உண்டு. ஓ.டி.பி.யைப் பிறரிடம் படிக்கக் கொடுப்பதும் அத்தகையதே.

பார்வை குன்றியோருக்காக ரூபாய்த் தாள்களில் மேடிட்ட குறிகள் உள்ளன: 100 ரூபாய்த் தாளில் முக்கோணம், 500 ரூபாய்த் தாளில் வட்டம். ஓரங்களில் முறையே நான்கும் ஐந்துமாகச் சாய்கோடுகள் உண்டு. தாளின் மதிப்பைக் குரலில் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்டது. போபால் முதியவருக்குச் செயலி பிடிக்கவில்லை. நாங்கள் இடமாற்றம் பெற்று வரும் முன் கடைசியாக வந்தபோது, மகன் அருகில் நிற்க, 500 ரூபாய்த் தாளின் ஓரத்தை விரலால் தடவி, கோடுகளை எண்ணி, "பாஞ்ச்" என்றார். பிறகு அடுத்த தாளை எடுத்தார்.