எழுபத்திரண்டாம் இடம் சொல்லாத செய்தி

2011 டிசம்பரில் வெளியான ஓர் அறிக்கை தமிழ்நாட்டைத் தலைகுனிய வைத்தது. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை நாடு நாடாக ஒரே அளவுகோலால் அளப்பது ‘பீசா’ தேர்வு. ஓ.இ.சி.டி. என்ற பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு இதை 2000-இல் தொடங்கியது. இந்தியாவிலிருந்து தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் அதன் 2009 சுற்றின் தொடர்ச்சியில் கலந்துகொண்டன. 74 நாடுகளும் பகுதிகளும் இடம்பெற்ற பட்டியலில், வாசிப்பில் தமிழ்நாட்டுக்கு 72-ஆம் இடம், இமாச்சலுக்கு 73. கடைசி இடம் கிர்கிஸ்தானுக்கு. தமிழ்நாட்டின் மதிப்பெண் 337, ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 493. முதலிடம் பிடித்த ஷாங்காய் 556.

அந்த 72 என்ற எண் செய்தித்தாள்களில் வந்தது, விவாதமானது, மறைந்தது. 2012 சுற்றில் இந்தியா கலந்துகொள்ளவில்லை. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. தரவரிசையோடு பேச்சு முடிந்துபோனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஏனென்றால் ஒரு பள்ளியைத் திருத்த உதவும் செய்தி அந்த அறிக்கையின் உள்ளே இருந்தது.

அதைப் பார்க்கும் முன், இப்படி அளப்பது எப்படிச் சாத்தியமாகிறது என்று கேட்கவேண்டும். கோடிக்கணக்கான மக்கள் வாழும் மாநிலத்தை, சில ஆயிரம் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் எழுதும் தேர்வு அளந்துவிடுமா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீடுகளில் சொல்கிறோம். அது பலிக்க ஒரு நிபந்தனை உண்டு: எடுக்கும் பருக்கை மேலாக வெந்ததாக இருக்கக்கூடாது, பானையைக் கிளறி எடுக்கவேண்டும். பீசாவில் அந்த வேலையைக் குலுக்கல்முறை செய்கிறது. முதலில் பள்ளிகள் எதேச்சையாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. பிறகு அந்தப் பள்ளியின் பதினைந்து வயதுக்காரர்களிலிருந்து மாணவர்கள், அதுவும் எதேச்சையாக. தலைமையாசிரியர் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்ப முடியாது.

அடுத்த வியப்பு வினாத்தாளில் இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு ஒரே தாள் வருவதில்லை. 2009 சுற்றின் முதன்மைத் தேர்வில் 13 விதமான கேள்விக் கையேடுகள் இருந்தன. எல்லாக் கேள்விகளையும் ஒரே பிள்ளையிடம் கொடுத்தால் பல மணி நேரம் ஆகும். அதனால் கேள்விகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியும் பல கையேடுகளில் வெவ்வேறு இடத்தில் வருமாறு அடுக்குகிறார்கள். பொதுவாக வரும் தொகுதிகள் கையேடுகளை ஒன்றோடொன்று பிணைக்கின்றன. ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி இந்தத் தேர்வு உறுதியாக எதையும் சொல்லாது. மாநிலத்தின் பிள்ளைகள் மொத்தமாக எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் நன்றாகச் சொல்லும்.

வெவ்வேறு தாள் எழுதியவர்களை எப்படி ஒப்பிடுவது? அதற்கு வழிகாட்டியவர்களில் முக்கியமானவர் கேயோர்க் ராஷ் என்ற டென்மார்க் கணிதவியலாளர். 1960-இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படை எண்ணம் எளிமையானது: பிள்ளையின் திறனையும் கேள்வியின் கடினத்தையும் ஒரே கோட்டில் குறிக்கலாம். கோட்டில் கேள்வி பிள்ளைக்கு மேலே இருந்தால் சரியாகப் பதில் வர வாய்ப்பு குறைவு, கீழே இருந்தால் அதிகம். பீசா இதையே பின்பற்றி, கேள்வியும் பிள்ளையும் ஒரே புள்ளியில் இருந்தால் நூற்றுக்கு 62 வாய்ப்பு என்று வைத்துக்கொள்கிறது. இதனால் 337 என்ற மதிப்பெண்ணுக்கு ஓர் அர்த்தம் கிடைக்கிறது. அந்த இடத்தில் நிற்கும் பிள்ளை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும், எங்கே தடுமாறும் என்பதைச் சொல்லிவிடலாம்.

2000-ஆம் ஆண்டுத் தேர்விலிருந்து பொதுவில் வெளியிடப்பட்ட ஒரு கேள்வியைப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் சாட் ஏரி. பல்லாயிரம் ஆண்டுகளில் அதன் ஆழம் எப்படி மாறியது என்று ஒரு வரைபடம். இன்றைய ஆழம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. கோட்டின் முனையில் பார்த்து, சுமார் இரண்டு மீட்டர் என்று சொல்லிவிடலாம். வரைபடம் எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பது இன்னொன்று. அச்சில் நேரடியாக அச்சிடப்படாத எண்ணைக் கணித்துச் சொல்லவேண்டும். அதைவிடக் கடினமானது மூன்றாவது: ஆசிரியர் ஏன் அந்த ஆண்டிலிருந்து தொடங்கினார்? வறண்டு மறைந்துபோன ஏரி ஏறத்தாழ கி.மு. 11000-இல்தான் மீண்டும் தோன்றியது என்று படத்தோடு வரும் குறிப்பு சொல்கிறது. படத்தையும் பத்தியையும் சேர்த்து வாசித்தவருக்கே விடை கிடைக்கும்.

வாசிப்பில் பீசா வகுத்திருக்கும் படிநிலைகளில் இரண்டாம் நிலை 407 மதிப்பெண்ணில் தொடங்குகிறது. வாழ்க்கைக்கு வேண்டிய குறைந்தபட்ச வாசிப்பு என்று அதைக் கருதுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்குப் படிக்கத் தெரியாது என்று பொருளல்ல. பழக்கமான விஷயத்தைப் பற்றிய பத்தியில் வெளிப்படையாக எழுதியிருப்பதை அது கண்டுபிடிக்கும். எழுதாமல் விடப்பட்டதை ஊகிப்பதிலும், இரண்டு மூன்று நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்ப்பதிலும்தான் சிக்கல். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலையை எட்டியவர்கள் 17 சதவீதம், ஓ.இ.சி.டி. நாடுகளில் 81. கணிதத்தில் தமிழ்நாட்டுக்கு 15 சதவீதம், அறிவியலில் 16.

அதே ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் நம் தேர்ச்சி 80 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இரண்டு எண்களும் பொய்யல்ல. இரண்டு தேர்வுகளும் வேறு வேறு விஷயத்தைக் கேட்டன. பொதுத்தேர்வுக்கு ‘புக் பேக்’ கேள்விகளைத் திரும்பத் திரும்ப எழுதிப் பழகிய பிள்ளைக்கு, இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தைக் கொடுத்து இதிலிருந்து என்ன புரிகிறது என்று கேட்டால் கை நின்றுவிடுகிறது. பிள்ளையைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நாம் பழக்காத ஒன்றை அது எப்படிச் செய்யும்?

சூழல் பொருந்தவில்லை என்ற வாதத்தையும் நேர்மையாக எடைபோடவேண்டும். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் முறுக்கிக்கொண்டால் தமிழ் பேசும் பிள்ளை தடுமாறும், அதில் ஐயமில்லை. ஆனால் சாட் ஏரி பின்லாந்துப் பிள்ளைக்கும் அந்நியம், ஜப்பான் பிள்ளைக்கும் அந்நியம். தெரியாத ஊரின் தகவலைப் படித்துப் புரிந்துகொள்வதுதான் அங்கே சோதிக்கப்படும் திறன்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. 2001 டிசம்பரில் முதல் பீசா முடிவுகள் வந்தபோது வாசிப்பில் அந்த நாட்டுக்கு 484, சராசரி 500. ‘பீசா அதிர்ச்சி’ என்றே அது பெயர் பெற்றது. ஆனால் அவர்கள் தேர்விலிருந்து விலகவில்லை. எந்த வகுப்பில் பிள்ளை எதைச் செய்யத் தெரிந்திருக்கவேண்டும் என்று மாநிலங்கள் சேர்ந்து பொதுவரையறை வகுத்தன. முழுநாள் பள்ளிகளை வளர்க்க மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. மூன்றாம், எட்டாம் வகுப்புகளில் ‘வேரா’ என்ற மதிப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். அது தேர்ச்சி, தோல்விக்கானதல்ல. தன் வகுப்பு எங்கே நிற்கிறது என்று ஆசிரியர் தெரிந்துகொள்வதற்கானது. 2012-இல் ஜெர்மனியின் வாசிப்பு 508-க்கு உயர்ந்தது. 2022-இல் 480-க்கு இறங்கிவிட்டது என்பதையும் சொல்லியாகவேண்டும். அளவீடு நோயைக் காட்டும். மருந்தை ஆண்டுதோறும் கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.

ஜெர்மனியிடம் கற்கவேண்டியது, உலகத் தேர்வுக்கும் வகுப்பறைக்கும் நடுவில் அவர்கள் போட்ட பாலத்தை. பீசா எந்தப் பள்ளிக்கும் எதைச் செய் என்று சொல்லாது. அதன் படிநிலைகளை ஆசிரியரின் கையில் கொடுத்தால்தான் பயன்.

தமிழ்நாடும் அந்தத் திசையில் நகர்ந்திருக்கிறது. 2017-இல் பொதுத்தேர்வின் ரேங்க் பட்டியல் கைவிடப்பட்டது. 2018-19 முதல் புதிய பாடநூல்கள் வந்தன. 2022 ஜூன் 13 அன்று தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. வகுப்பின் எண்ணைப் பார்க்காமல், பிள்ளை உண்மையில் எந்த நிலையில் இருக்கிறதோ அதைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அரும்பில் இருக்கலாம். அதை மறைக்கவேண்டியதில்லை, அங்கிருந்து மேலே கொண்டுபோகவேண்டும். ராஷ் போட்ட கோட்டின் எண்ணமும் இதுதான்.

இதை உயர்நிலை வகுப்புகளுக்கும் கொண்டுபோக அதிகச் செலவு பிடிக்காது. அதே திருவள்ளூர் மாவட்டத்தின் திருவேற்காட்டில் ஓர் ஒன்பதாம் வகுப்பை எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை வந்தால் செம்பரம்பாக்கம் ஏரி நிலவரம் தினமும் செய்தியில் வருகிறது: முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, இன்றைய நீர்மட்டம், நீர்வரத்து, வெளியேற்றம். ஐந்து நாள் விவரத்தைக் கரும்பலகையில் அட்டவணையாக எழுதலாம். மூன்றாம் நாள் நீர்மட்டம் என்ன என்பது முதல் கேள்வி. வந்த தண்ணீரைவிட வெளியேறியது எந்த நாளில் அதிகம் என்பது இரண்டாவது. ஏரி நிரம்பும் முன்பே, 22 அடியிலேயே ஏன் உபரிநீரைத் திறக்கிறார்கள் என்பது மூன்றாவது. அதன் விடை அட்டவணையில் இல்லை, நீர்வரத்தையும் வானிலை அறிவிப்பையும் இணைத்து யோசிக்கவேண்டும்.

இதற்கு மார்க் போடத் தேவையில்லை. எத்தனை பேர் முதல் கேள்வியோடு நின்றார்கள், எத்தனை பேர் இரண்டாவதைத் தாண்டினார்கள் என்று எண்ணிப் பார்த்தால் போதும். அடுத்த மாதம் என்ன வேலை செய்யவேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். மூன்று மாதம் கழித்து வேறொரு அட்டவணையோடு மறுபடி எண்ணினால் முன்னேற்றமும் தெரியும். தமிழ் ஆசிரியர் மட்டுமல்ல, சமூக அறிவியல், கணித ஆசிரியர்களும் இதைச் செய்யலாம். நாளை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வரைபடத்தைப் பார்த்து வேலை செய்யப்போகும் பிள்ளைக்கும், மருத்துவம் படிக்கப்போகும் பிள்ளைக்கும் இந்த வாசிப்பு ஒன்றுபோல வேண்டும்.

சண்டிகரையும் கேந்திரிய, நவோதயா வித்யாலயாக்களையும் வைத்து 2021 பீசாவில் சேர 2019-இல் மத்திய அரசு ஒப்பந்தம் போட்டது. கொரோனாவால் 2022-க்குத் தள்ளிப்போன அந்தத் தேர்வையும் இந்தியா எழுதவில்லை. தமிழ்நாடு மீண்டும் முன்வந்து கேட்கவேண்டும் என்பது என் விருப்பம். ஒருமுறை துணிந்து எழுதிய மாநிலம் நாம். 2011-க்குப் பிறகு நாம் மாற்றிய பாடநூலும் கற்பித்தல் முறையும் பலன் தந்ததா என்று வெளியிலிருந்து சொல்ல ஒரு நேர்மையான அளவுகோல் வேண்டும். முடிவு எப்படி வந்தாலும் அதை மறைக்காமல் வெளியிட்டு, படிநிலை வாரியாகத் தமிழில் எழுதி, ஒவ்வொரு தலைமையாசிரியரின் மேசைக்கும் அனுப்பவேண்டும். எத்தனையாவது இடம் என்ற கேள்விக்குச் செய்தித்தாள் பதில் சொல்லட்டும். நம் பிள்ளைக்கு அடுத்து எதைக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்விக்குப் பள்ளிதான் பதில் சொல்லமுடியும். அதற்கு வேண்டிய விவரத்தைப் பள்ளியின் கையில் கொடுப்பது அரசின் கடமை.